பெரியப்பாவின் ஃபிலிம் லென்ஸ்கள், மிரர்லெஸ் பாடி: ஓரங்கள் ஏன் கரைகின்றன?

முத்துநகர்_கேமரா (தூத்துக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டியில் பெரியப்பா நடத்திய ஸ்டுடியோவைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டியில் ஐந்து லென்ஸ்கள் கிடைத்தன. வீட்டில் யாருக்கும் இதில் ஆர்வம் இல்லை என்பதால் என்னிடம் வந்துவிட்டன. ஸெனிட் பாடியோடு ஒரு ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப் 2). ஒரு சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4. நிக்கார் இரண்டு: 28 மி.மீ. எஃப் 2.8 ஏஐ-எஸ், 105 மி.மீ. எஃப் 2.5. கடைசியாக, ஃபெட் என்ற சோவியத் கேமராவில் மாட்டியிருந்த ஜூபிடர்-12 (35 மி.மீ., எஃப் 2.8). இந்த ஃபெட் பெரியப்பாவிடம் எப்படி வந்தது என்று பெரியம்மாவுக்கே தெரியவில்லை.

என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய சோனி ஏ7 மார்க் 3, உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமரா. இந்த லென்ஸ்களின் மவுன்ட் (கேமராவில் மாட்டும் வாய்) எம் 42, நிக்கான் எஃப், எல் 39 என மூன்று வகை; மூன்றையும் சோனியில் பொருத்த இணையத்தில் மலிவான அடாப்டர் வளையங்கள் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், அதில் பெயரே இல்லை.

இப்போது தொல்லைகள்.

நிக்கார் 28-ல் ரிங்கை இன்ஃபினிட்டி (எல்லையில்லாத் தூரம்) குறி வரை திருப்பினால் தூரத்தில் இருப்பது மங்கல். 4 மீட்டர் குறிக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அனல்மின் நிலையப் புகைபோக்கி கூர்மையாகத் தெரிகிறது. அபர்ச்சரை (லென்ஸ் துளையை) எஃப் 5.6-க்கு மூடினாலும் ஓரங்கள் சரியில்லை, அதிலும் இடது பக்கம் மோசம்.

ஜூபிடரில் நடுப்பகுதி பிரமாதம். நான்கு மூலைகளும் ஈரத் துணியால் துடைத்துவிட்டதுபோல இழுபட்டுக் கிடக்கின்றன, லேசான ஊதாச் சாயலும் உண்டு. ஆனால் அதே லென்ஸில் பெரியப்பா எடுத்த கழுகுமலைப் படங்களின் நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. மூலை வரை கூர்மை.

டகுமார் கண்ணாடி மஞ்சளாக இருக்கிறது. ஹீலியோஸில் வெயிலில் எடுத்தால் படம் முழுக்க வெளுத்துவிடுகிறது. எஃப் 16-ல் நடுவில் வட்டமாக ஒரு வெளிர் திட்டு வேறு.

105 மட்டும் எந்தத் தகராறும் செய்யவில்லை. மற்ற நிக்கார் போட்ட அதே அடாப்டர்தான். இது எனக்குப் புரியவே இல்லை.

விற்றுவிடலாமா, செலவு செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஒளிவட்டம்

எல்லாம் மலிவு அடாப்டர் செய்யும் வேலை நண்பா. நல்ல விலைக்கு ஒன்று வாங்குங்கள், தீர்ந்தது. இல்லையென்றால் இதையெல்லாம் அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு ஒரு சாதாரண 28-70 கிட் லென்ஸ் வாங்குங்கள். பழைய லென்ஸ் மோகம் இரண்டு மாதத்தில் தெளிந்துவிடும்.

---

டார்க்ரூம் அண்ணாச்சி (பாளையங்கோட்டை)

தம்பி, விலை உயர்ந்த அடாப்டர் வாங்கினால் உங்கள் தொல்லைகளில் ஒன்றரை தீரும். மீதி அப்படியே இருக்கும். நான் லென்ஸ் கழற்றி மாட்டும் தொழிலில் இருக்கிறவன். என்னிடம் வருகிற பலர் "லென்ஸ் போச்சு அண்ணாச்சி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் லென்ஸில் ஒன்றும் இருக்காது. கோளாறெல்லாம் லென்ஸின் பின்பக்கத்துக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்கும் சில மில்லிமீட்டரில்தான். உங்கள் ஐந்து லென்ஸ்களும் அந்த இடத்தில் ஐந்து விதமாக நடந்துகொள்கின்றன. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் 28, 105 புதிர். மவுன்ட் முகத்திலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் நிக்கான் எஃப்-க்கு 46.5 மி.மீ. சோனி இ மவுன்டுக்கு 18. ஆக அடாப்டர் சரியாக 28.5 மி.மீ. இருக்கவேண்டும். எம் 42-க்கு 45.46, அதனால் அடாப்டர் 27.46. எல் 39-க்கு 28.8, அடாப்டர் 10.8. இந்த அளவுகளை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டாம்.

அடாப்டர் செய்கிறவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகச் செய்வார்கள். நீளமாகப் போய்விட்டால் இன்ஃபினிட்டியே கிடைக்காது, பொருள் திரும்பி வரும். குட்டையாக இருந்தால் இன்ஃபினிட்டியைத் தாண்டித் திரும்பும், யாரும் புகார் சொல்லமாட்டார்கள். இதில் தப்பில்லை. எவ்வளவு குட்டை என்பதுதான் கேள்வி.

அதை உங்கள் 28-ஏ சொல்லிவிட்டது. ஒரு தூரத்தில் ஃபோகஸ் செய்ய லென்ஸ் எவ்வளவு வெளியே நகரவேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஃபோகல் நீளத்தை (லென்ஸ் பெயரில் வரும் மி.மீ. எண்) அதே எண்ணால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் போதும், எல்லாம் மில்லிமீட்டரில். 28-ஐ 28-ஆல் பெருக்கினால் 784. 4 மீட்டர் என்பது 4000 மி.மீ. வகுத்தால் ஏறக்குறைய 0.2. அதாவது உங்கள் அடாப்டர் 0.2 மி.மீ. குட்டை. அதே 0.2 மி.மீ. பிசகு 105-ல் எங்கே தெரியும்? 105-ஐ 105-ஆல் பெருக்கினால் 11,025. 0.2-ஆல் வகுத்தால் 55 மீட்டர் வருகிறது. 105-ன் தூர அளவுகோலில் 55 மீட்டருக்கும் இன்ஃபினிட்டிக்கும் இடையே மயிரிழை அளவுதான் இடம். உங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை. அதே அடாப்டர், அதே பிசகு. லென்ஸ் அகலமாக ஆக ஆக, அதாவது ஃபோகல் நீளம் குறையக் குறைய, பிசகு பெரிதாகத் தெரியும்.

சரி, 4 மீட்டரில் வைத்து எடுத்தால் போயிற்று என்பீர்கள். சாதாரண லென்ஸாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் 28 எஃப் 2.8 ஏஐ-எஸ் சாதாரண லென்ஸ் இல்லை. கிட்டத்தில் 20 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். அதற்காக நிக்கான் உள்ளே சிஆர்சி என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ரிங் திரும்பும்போது லென்ஸ் மொத்தமாக நகராது, உள்ளே கண்ணாடிக் குழுக்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் சேர்ந்து மாறும். புகைபோக்கி இருப்பது தூரத்தில், கண்ணாடிகள் நிற்பதோ 4 மீட்டருக்கான இடைவெளியில். நடுப்பகுதி தாங்கும், ஓரம் தாங்காது. அகல லென்ஸ்களில் சிஆர்சி உள்ளதற்கு மட்டும் அடாப்டர் நீளம் சரியாக இருந்தே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இடது பக்கம் மட்டும் கூடுதலாக மோசம் என்றீர்கள் அல்லவா, அது வேறு நோய். அடாப்டரின் இரண்டு முகங்களும் இணையாக இல்லை, சாய்வு இருக்கிறது. லென்ஸா அடாப்டரா என்று கண்டுபிடிக்க, அதே அடாப்டரில் 105-ஐப் போட்டு முழு அபர்ச்சரில் தூரத்து வரிசை விளக்குகளை எடுத்துப் பாருங்கள். அதிலும் இடது பக்கமே கெட்டால் அடாப்டர்தான். லென்ஸ்ரென்டல்ஸ் என்ற அமெரிக்க வாடகை நிறுவனத்தில் ரோஜர் சிகாலா 2013-ல் இதைச் சோதனை மேசையில் வைத்துக் காட்டினார். விலை உயர்ந்த அடாப்டர்களும் தப்பவில்லை. அதனால்தான் ஒளிவட்டம் சொன்ன யோசனையை நான் பாதிதான் ஏற்கிறேன்.

அடாப்டர் எடுத்துப்போய்ப் பக்கத்து லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு டீக்குச் செய்து கொடுப்பார்கள்.

இனி ஜூபிடர். இதுதான் உண்மையான தலைவலி. அடாப்டரை மாற்றினாலும் போகாது.

ஃபிலிமுக்கு முன்னால் ஒன்றும் கிடையாது, காற்றுதான். சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறது. அகச்சிவப்பை வெட்டும் வடிகட்டி, மேல் மூடி எல்லாம் சேர்ந்தது. லைக்கா எம் டிஜிட்டல் பாடிகளில் இது சுமார் 0.8 மி.மீ., சோனி முழுச் சட்டகப் பாடிகளில் 2 மி.மீ. அளவில், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சின்ன சென்சார் பாடிகளில் 4 மி.மீ. அளவில். நேராக வரும் ஒளிக்கு இந்தக் கண்ணாடி ஒரு கேடும் செய்யாது. கண்ணாடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஃபோகஸ் பின்னால் தள்ளிப்போகும், அதைக் கேமரா செய்தவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பார். சாய்ந்து வரும் ஒளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சாய்வு கூடக் கூடத் தள்ளலும் கூடும், அதுவும் ஒரு திசையில் அதிகம், குறுக்குத் திசையில் குறைவு. நீங்கள் சொன்ன அந்த இழுபட்ட தோற்றம் அங்கிருந்து வருகிறது.

யாருடைய ஒளி சாய்ந்து வருகிறது? ஜூபிடர்-12 என்பது போருக்கு முந்தைய ஸைஸ் பயோகான் 35-ன் வழி வந்தது. லுட்விக் பெர்ட்டேலே வரைந்த வடிவம். பின் கண்ணாடி கோலிக்குண்டு மாதிரி புடைத்துக்கொண்டு ஃபிலிமை உரசுகிற தூரத்தில் நிற்கும். கண்ணாடி அவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் மூலைக்குப் போகும் ஒளி படுத்த வாக்கில்தான் போகமுடியும். ஃபெட் மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, குறுக்கே ஆடி இல்லை என்பதால் அந்தக் காலத்தில் இப்படி வரைய முடிந்தது. ஆடி வழியாக லென்ஸுக்குள்ளேயே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமரா வந்ததும் அந்த ஆடி மேலே எழும்ப இடம் விடவேண்டியிருந்தது. அகல லென்ஸ்களை ரெட்ரோஃபோகஸ் முறைக்கு மாற்றினார்கள், பின் கண்ணாடி தள்ளிப்போனது, ஒளி நிமிர்ந்தது. அந்த ஆடிக்காகச் செய்த சமரசம் இன்றைக்கு உங்கள் நிக்கார் 28-ஐக் காப்பாற்றுகிறது. எழுபதுகளின் எஸ்எல்ஆர் 28 ஒன்று, அதைவிட மதிப்பு மிக்க ரேஞ்ச்ஃபைண்டர் 28-ஐ டிஜிட்டலில் தோற்கடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விலையைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

ஊதாச் சாயல் இன்னொரு கதை. இழுபடலுக்குக் காரணம் கண்ணாடிப் பலகை, சாயலுக்குக் காரணம் பிக்சல் குழி. படுத்து வரும் ஒளி தன் பிக்சலுக்குப் போகாமல் பக்கத்து நிறத்துக்குள் கசியும். ஃபிலிமில் வெள்ளி உப்புத் துகள்கள் எந்தக் கோணத்தில் வந்த ஒளியையும் வாங்கிக்கொள்ளும். உங்கள் சென்சார் பின்புற ஒளியூட்டு வகை, குழி ஆழம் குறைவு, அதனால்தான் சாயல் லேசாக இருக்கிறது. முதல் ஏ7-ல் இதே லென்ஸைப் போட்டுப் பார்த்திருந்தால் பயந்திருப்பீர்கள். அதே அபர்ச்சரில், லென்ஸ் முன்னால் வெள்ளை அக்ரிலிக் தகடு வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் லைட்ரூம் மென்பொருளில் ஃப்ளாட் ஃபீல்டு என்ற வசதி வழியாக நிறத்தைச் சரிசெய்யலாம். இழுபடலைச் சரிசெய்ய எந்த மென்பொருளாலும் முடியாது.

கண்ணாடியை மெலிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு லைக்கா எம்8 சாட்சி. 2006-ல் வந்தது. பழைய அகல லென்ஸ்களுக்காக வடிகட்டியை மிக மெலிதாக வைத்தார்கள், அகச்சிவப்பு உள்ளே வந்துவிட்டது. கறுப்பு செயற்கைத் துணியெல்லாம் ஊதாவாக விழுந்தது. பிறகு லென்ஸ் முன்னால் மாட்ட அகச்சிவப்பு வெட்டும் ஃபில்டர்களை வாங்கியவர்களுக்குக் கொடுத்தார்கள். கல்யாண மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டை நினைத்துப் பாருங்கள்!

ஹீலியோஸ் வெளுப்பது வெயிலின் குற்றம் பாதி, அடாப்டர் உட்சுவரின் குற்றம் பாதி. எம் 42 அடாப்டர் என்பது ஒரு இரண்டே முக்கால் சென்டிமீட்டர் குழாய். டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே பளபளக்கும். மங்கலான கறுப்பு பெயிண்ட் அடியுங்கள், பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிப்பதே போதும். வெல்வெட் துணி ஒட்டச் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன், நூல் உதிர்ந்து சென்சாரில் போய் உட்காரும். முன்னால் ஒரு ரப்பர் ஹூட் அவசியம். எஃப் 16-ல் வரும் திட்டு சென்சாருக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே ஒளி எதிரொளிப்பதால் வருவது. ஃபிலிம் மங்கலான பரப்பு, சென்சார் முகம் கண்ணாடிப் பரப்பு. பழைய லென்ஸின் பின்பக்கக் கோட்டிங் இதை எதிர்பார்த்துப் போடப்பட்டதில்லை. எஃப் 8-ஐத் தாண்டாதீர்கள், அதுதான் மருந்து.

டகுமார் மஞ்சள் என்பது கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் நிறம் மாறுவது. புற ஊதா ஒளி பட்டால் தெளியும். ரூபாய் நோட்டு சோதிக்கும் விளக்கு ஒன்று வாங்கி, பின்பக்கத்தில் அலுமினியத் தாள் வைத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். நாட்கள் ஆகும், சில லென்ஸ்களுக்கு வாரங்கள். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியில் வைக்காதீர்கள். கிரீஸ் உருகி அபர்ச்சர் பிளேடில் வடியும், தவிர லென்ஸ் என்பது தீ மூட்டும் கண்ணாடியும்கூட. கதிரியக்கம் பற்றிக் கேட்பார்கள். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் பயமில்லை. "பாலிஷ் போட்டு மஞ்சளை எடுத்துத் தருகிறேன்" என்று எவனாவது சொன்னால் மட்டும் கொடுக்காதீர்கள். மஞ்சள் மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாதது.

விற்கவேண்டாம். 105-ஐ விற்றால் நான் பேசமாட்டேன்.

---

முத்துநகர்_கேமரா

அண்ணாச்சி, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி பட்டறையில் அளந்தேன். நிக்கான் அடாப்டர் ஒரு பக்கம் 28.32, எதிர்ப்பக்கம் 28.26. கணக்கு அப்படியே வந்துவிட்டது! 105-ஐப் போட்டு எடுத்ததிலும் இடது பக்கமே லேசாகக் கெடுகிறது. ஆக அடாப்டர்தான்.

இதைத் தடிமனாக்க முடியுமா? சரியாக 28.50 கொண்டுவரவேண்டுமா? அப்புறம் டகுமாரில் எஃப் 1.4-ல் ஃபோகஸ் செய்து 2.8-க்கு மூடினால் ஃபோகஸ் நகர்வதுபோல் இருக்கிறது. கூர்மையான இடத்தில் கலர் கோடு காட்டும் பீக்கிங்கை நம்பித்தான் எடுக்கிறேன்.

---

லண்டன்_யாழ்

அண்ணாச்சி எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு மட்டும். ஜூபிடர் மாதிரியான லென்ஸ்களுக்காக என்னுடைய பழைய ஏ7 கமராவின் சென்சார் கண்ணாடியைக் கழற்றி மெல்லியதாக மாற்றிக்கொண்டேன். அமெரிக்காவில் கொலாரி விஷன் என்ற நிறுவனம் இதைச் செய்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் அகல லென்ஸ்களின் மூலைகள் நன்றாகவே திரும்பி வந்தன, எஃப் 5.6-ல் நிலக்காட்சி எடுக்கலாம் என்கிற அளவுக்கு.

ஆனால் இலவசமாக ஒன்றும் கிடைக்காது. உத்தரவாதம் போய்விடும். அதைவிட முக்கியம், அந்தக் கமராவுக்கென்றே செய்த புதிய லென்ஸ்கள் தடித்த கண்ணாடியைக் கணக்கில் வைத்து வரையப்பட்டவை. கண்ணாடி மெலிந்தவுடன் அவற்றின் ஓரம் கெடும், அகலமான, வேகமான லென்ஸ்களில் கூடுதலாக. அதனால் நான் அந்தக் கமராவைப் பழைய லென்ஸ்களுக்கு மட்டும்தான் பாவிக்கிறேன். ஒரே ஒரு கமரா வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லமாட்டேன். ஒரு ஜூபிடருக்காகச் செய்வதும் வீண்செலவு.

---

தாமிரக்_கம்பி

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் நிக்கான் டி5300 இருக்கிறது. ஹீலியோஸ் 44-2 மலிவாகக் கிடைக்கிறது. எம் 42 அடாப்டர் போட்டால் போதுமா?

---

டார்க்ரூம் அண்ணாச்சி (பாளையங்கோட்டை)

கம்பி தம்பிக்கு முதலில்: வேண்டாம். நிக்கான் எஃப் 46.5, எம் 42 45.46. அடாப்டர் போடுமுன்பே லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, அடாப்டர் தடிமனும் சேர்ந்தால் இரண்டு மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. உள்ளே திருத்தக் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்பார்கள். அந்த மலிவுக் கண்ணாடி ஹீலியோஸைக் கெடுத்துவிடும். கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் 44 மி.மீ., ஒன்றரை மில்லிமீட்டர் வளையம் நுழைய இடம் இருக்கிறது, அதில் தாராளமாகப் போடலாம். உங்கள் பாடிக்கு 105 மாதிரி நிக்கார் வாங்குங்கள். அந்தப் பழைய லென்ஸோடு டி5300-ன் ஒளி மீட்டர் வேலை செய்யாது, வெளிச்சத்தை நீங்களே யூகிக்கவேண்டும், ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் பார்த்தால் முடிந்தது.

லண்டன்காரர் சொன்னது அத்தனையும் சரி. கண்ணாடி மாற்றும் வேலையை உள்ளூரில் யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். தூசி இல்லாத அறை வேண்டும், மாற்றியபின் சென்சார் உயரத்தை மறுபடி அமைக்கவேண்டும். என்னிடம் அந்த வசதி இல்லை, நானும் செய்வதில்லை.

தூத்துக்குடித் தம்பிக்கு. 28.32-ம் 28.26-ம் என்றால் 0.06 சாய்வு. முதலில் அதைத்தான் சரிசெய்யவேண்டும், நீளம் அப்புறம். அடாப்டரின் பின் வளையத்தைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைக் கழற்றுங்கள், நான்கோ ஆறோ இருக்கும். வளையத்துக்கும் உடலுக்கும் நடுவே ஷிம் (உயரம் கூட்டும் மெல்லிய தகடு) வைக்கவேண்டும். ஹார்டுவேர் கடையில் பித்தளை ஷிம் தகடு 0.05, 0.1 மி.மீ. தடிமனில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் டூவீலர் மெக்கானிக் டாப்பெட் வைக்கும் ஃபீலர் கேஜின் இதழ்களை வெட்டிக்கொள்ளலாம், ஒவ்வொன்றிலும் தடிமன் பொறித்திருக்கும். குளிர்பானக் கேன் தகடு ஏறக்குறைய 0.1 வரும், ஆனால் பெயிண்ட்டைச் சுரண்டவேண்டும். குட்டையான பக்கத்தில் 0.05 அதிகம் வைத்து இறுக்கி, மறுபடி நான்கு இடத்தில் அளக்கவேண்டும். சமமான பிறகு மொத்தமாகத் தூக்குங்கள்.

28.50 வேண்டாம். 28.46, 28.47-ல் நிறுத்துங்கள். வெயிலில் கிடந்த லென்ஸ் கொஞ்சம் நீளும், மவுன்ட் முகத்தில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் நீளும். அப்போது இன்ஃபினிட்டி கைவிட்டுப் போகக்கூடாது. 0.03 குறைவாக இருந்தால் 28-ல் 26 மீட்டர் குறிக்குச் சமம், சிஆர்சி அதைப் பொருட்படுத்தாது. இரவில் மாடியிலிருந்து புகைபோக்கியின் உச்சி விளக்கைப் பார்த்துச் சோதியுங்கள். எஃப் 2.8-ல், கேமரா திரையில் உருப்பெருக்கி போட்டு, ரிங்கை மெதுவாகத் திருப்பினால் சிவப்புப் புள்ளி சுருங்கிச் சுருங்கி ஒரு இடத்தில் மறுபடி விரியும். சுருங்கிய இடம் அளவுகோலின் முடிவுக்குச் சற்று முன்னால் வந்தால் வேலை முடிந்தது. பிறகு அதே விளக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

டகுமாரில் நீங்கள் பார்த்தது உண்மை. வேகமான (பெரிதாகத் திறக்கும்) பழைய லென்ஸ்களில் அபர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் நகரும், லென்ஸின் நடுவும் விளிம்பும் ஒளியை ஒரே இடத்தில் குவிக்காத கோளப் பிறழ்ச்சியின் விளைவு. அந்தக் காலத்தில் திறந்து ஃபோகஸ் செய்து மூடியதும் எடுத்தார்கள், கார்டு சைஸ் பிரிண்ட்டில் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் 6000 பிக்சல் அகலப் படத்தைத் திரையில் முழு அளவில் பார்க்கிறீர்கள். அது ஐந்தடி அகலப் பிரிண்ட்டில் மூக்கை வைத்துப் பார்ப்பதற்குச் சமம். பெரியப்பாவின் நெகட்டிவை அந்த அளவுக்குப் பெருக்கினால் முதலில் துகள்தான் தெரியும். எந்த அபர்ச்சரில் எடுக்கிறீர்களோ அதிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். டகுமாரின் பக்கவாட்டுச் சுவிட்சை எம்-ல் வைத்தால் மூடியே இருக்கும். பீக்கிங்கைக் கூட்டத்தில், ஓடுகிற பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆள் முகத்துக்கு உருப்பெருக்கி மட்டுமே.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. உங்கள் பாடிக்குள் இருக்கும் ஆட்டத் தடுப்புக்கு லென்ஸின் நீளம் தெரியாது. மெனுவில் போய் 28, 50, 58, 105 என்று ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் போடவேண்டும். 105 என்று விட்டுவிட்டு 28-ஐ மாட்டினால் சென்சார் தேவைக்கு மேல் ஆடி, கேமராவே படத்தைக் கலைக்கும். அதையும் லென்ஸ் கோளாறு என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். மெனுவில் ஒரு பொத்தானுக்கு அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஜூபிடரை என்ன செய்வது? சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் ஏபிஎஸ்-சி கிராப் முறையில் போடுங்கள். கெட்ட மூலைகள் வெட்டுப்படும், 35 என்பது ஏறக்குறைய 52 மாதிரி ஆகும், 10 மெகாபிக்சல் மிஞ்சும். தெருப் படத்துக்கு அது தாராளம், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊதாவும் கிடையாது. அபர்ச்சர் ரிங் முன்பக்கக் குழிக்குள் இருப்பதால் விரல் கண்ணாடியில் படும், துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நண்பர்களின் சின்ன சென்சார் பாடிகளில் மட்டும் ஆசையாக மாட்டிப் பார்க்காதீர்கள். அந்தப் புடைத்த பின் கண்ணாடி சென்சாரைச் சுற்றியுள்ள சட்டகத்தில் இடிக்கலாம். உங்கள் பாடியில் நுழைந்துவிட்டது என்பதால் எல்லாவற்றிலும் நுழையும் என்று அர்த்தமில்லை.

கடைசியாக, நீங்கள் இருப்பது உப்புக்காற்று ஊர். அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். அரிசி டப்பாவில் புதைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பவேண்டாம், தவிட்டுத் தூசி ஹெலிகாய்டுக்குள் (ஃபோகஸ் மரைக்குள்) போனால் என்னிடம்தான் வரவேண்டும். ஐந்து லென்ஸையும் டார்ச் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஏதாவது தெரிந்தால் அதை மட்டும் தனி டப்பாவில் பிரித்துவிடுங்கள்.

ஷிம் வைத்தபின் நான்கு மூலைப் படங்களையும் இங்கே போடுங்கள், அளவைக் குறைக்காமல். வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் வேண்டாம்.